வராத நோயின் வரலாறு

முன்னுரை

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் நடுகற்கள் நிறைந்த நிலம். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் ஆநிரை மீட்டு வீழ்ந்த மறவனின் கல்லையும், புலியோடு பொருது மாண்டவனின் கல்லையும் இன்றும் காணலாம். கல் நடுதலை ஆறு நிலைகளாகப் பகுத்து இலக்கணம் கூறியது தொல்காப்பியம். ஊருக்கு வந்த கேட்டைத் தன் உடலால் தடுத்தவனை ஊர் மறவாது என்பதே இக்கற்கள் உணர்த்தும் செய்தியாகும்.

எனினும், இந்நிலத்து மக்களைப் பகைவரும் புலியும் கொன்ற தொகை சிறிது. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பிளேக்கும் கொன்ற தொகை பெரிது. அந்தப் பெரும்பகையைத் தடுத்து நின்றவர்க்குக் கல் இல்லை. அம்மைக்குக் கோயில் உண்டு. வீடுவீடாகச் சென்று அம்மை குத்தியவருக்கு ஒரு பாட்டும் இல்லை. காரணம் எளிது. புலி வந்து நின்றதை ஊர் கண்டது. தடுக்கப்பட்ட நோயோ வரவே இல்லை. வராத ஒன்றை யார் காண்பார்?

இக்காணாமையே பொதுச் சுகாதாரத்திற்கென அரசு செய்யும் செலவின் போக்கையும் பெரிதும் தீர்மானித்து வந்துள்ளது. நோய் பரவிய ஆண்டில் பணம் வாரி இறைக்கப்படும். நோய் அடங்கிய பின் அதே செலவு வீண் எனத் தோன்றும், செலவு சுருங்கும், சுருங்கிய இடத்தில் நோய் மீளும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக நிகழ்ந்துவரும் இச்சுழற்சியை, ஓசூர் எல்லைப்புறத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் எல்லையும்

பழைய சேலம் மாவட்டம் தாழ்நிலமான தாலாகாட்டு, நடுநிலமான பாராமகால், மேட்டுநிலமான பாலாகாட்டு என முப்பகுதியாக வழங்கப்பட்டது. கிருஷ்ணகிரி பாராமகாலைச் சார்ந்தது; ஓசூர் பாலாகாட்டைச் சார்ந்தது. 1792இல் திப்பு சுல்தானுடன் செய்யப்பட்ட உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது இவ்வட்டங்கள் அதனுள் அடங்கின. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் நிலம் இது. வடக்கே ஆந்திரமும் மேற்கே கருநாடகமும் சூழ்ந்திருத்தலால் இங்கு எல்லைக்கோடு ஆட்சிக்கு உண்டேயன்றி மாட்டுக்கும் வண்டிக்கும் எலிக்கும் கொசுவுக்கும் இல்லை. நோய்களின் வரலாற்றில் இந்நிலம் பெறும் இடத்திற்கு இதுவே அடிப்படை.

பஞ்சமும் பிணியும்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம், செலவுக்கும் சாவுக்கும் உள்ள உறவைக் கொடிய முறையில் காட்டிற்று. நிவாரணச் செலவைக் குறைக்கும் பணியோடு இந்திய அரசு சர் ரிச்சர்டு டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியது. நிவாரண வேலைத்தலங்களில் உழைப்போருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என 1877இன் தொடக்கத்தில் அவர் வரையறுத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் இதனை எதிர்த்தார். வேலை செய்யும் உடலுக்கு இவ்வளவு போதாது. மெலிந்த உடல் எந்தப் பிணிக்கும் இரையாகும் என்பது அவர் வாதம். சில மாதங்கள் கழிந்தபின் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் காலம் கடந்திருந்தது.

பஞ்சத்தில் இறந்தோர் அனைவரும் உணவின்றியே இறந்தனர் எனக் கருதுதல் பிழை. வாந்திபேதியும் அம்மையும் சீதபேதியும் காய்ச்சலுமே பெரும்பாலோரைக் கொண்டு சென்றன. பசி வாயிலைத் திறந்தது. பிணி உள்ளே நுழைந்தது. 1871ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் மக்கள் இருந்தனர். பத்தாண்டு கழித்து, 1881இல், எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 16 லட்சம் பேரே. இறந்தவரும் ஊர்விட்டுப் போனவரும் பிறக்காமற் போனவரும் இக்குறைவில் அடங்குவர். இழந்த தொகையை மாவட்டம் ஏறத்தாழ மீண்டும் எட்டுவதற்கே 1891 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

டெம்பிளின் கணக்கேட்டில் மிச்சமான பணம் எழுதப்பட்டது. அம்மிச்சத்தின் விலை வேறோர் ஏட்டில், மக்கள்தொகைக் கணக்கில், எழுதப்பட்டது. இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் வழக்கம் ஆட்சியாளரிடம் இல்லை. பொதுச் சுகாதாரச் செலவைப் பற்றிய வழக்குகள் பலவற்றின் மூலம் இங்கே உள்ளது.

எலியும் எல்லையும்

1894இல் ஆங்காங்கில் பிளேக்கின் கிருமி கண்டறியப்பட்டது. 1896இல் அந்நோய் பம்பாயில் வெளிப்பட்டது. 1898 ஆகஸ்டில் பெங்களூரை அடைந்தது. பெங்களூருக்கு அணித்தான எல்லைப்புற வட்டங்கள் அச்சத்தில் ஆழ்ந்தன. மைசூர் நாட்டை ஒட்டிய சேலம் மாவட்டம் சென்னை மாகாணத்தில் பிளேக்குக்கு இலக்கான பகுதிகளுள் ஒன்றாயிற்று. இந்திய நாடு முழுதும் அடுத்த முப்பதாண்டுகளில் அந்நோய்க்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

அரசு செலவிடத் தயங்கவில்லை. 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் பெரும் அதிகாரங்களை அளித்தது. இருப்புப்பாதை நிலையங்களில் பயணிகள் இறக்கிச் சோதிக்கப்பட்டனர். நோய்ப்பட்ட ஊரிலிருந்து வந்தோருக்குச் சென்னை மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்னும் சீட்டு வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர் பத்து நாள் வரை அதிகாரி முன் வந்து நிற்க வேண்டும். வீடுகள் கிருமிநாசினியால் கழுவப்பட்டன. ஐயத்துக்குரியோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். இவ்வளவும் மனிதரைக் குறிவைத்தனவே தவிர நோயின் ஊர்தியைக் குறிவைக்கவில்லை. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898இலேயே ஆய்ந்து வெளியிட்டிருந்தார். அவ்வுண்மை அரசின் நடைமுறைக்குள் வந்து சேரப் பத்தாண்டு சென்றது.

மக்களோ தம் பட்டறிவால் ஒரு வழி கண்டிருந்தனர். வீட்டில் எலி செத்து விழுந்தால் ஊரைக் காலிசெய்து, கொல்லைகளில் குடிசையிட்டுச் சில மாதம் வாழ்ந்து, பின்னர் திரும்பினர். செலவில்லாத இம்முறை, செலவு மிக்க சோதனைகளைவிட நோயின் இயல்புக்குப் பொருந்தியிருந்தது. அறிவின்றிச் செய்யும் செலவு தொல்லையாகவே முடியும் என்பதற்கு இக்காலம் சான்றாகும்.

பிளேக்கின் நினைவு இன்றும் கோயில் வடிவில் நிற்கிறது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரிலேயே கோயில்கள் உள்ளன. பெங்களூரில் பசவனகுடி, மல்லேசுவரம் என்னும் அகன்ற தெருக்களுடைய புதுக்குடியிருப்புகளும், 1900இல் திறக்கப்பட்ட விக்டோரியா மருத்துவமனையும் அக்காலத்தின் சுவடுகளே. முன்னது அச்சத்தின் நினைவு. பின்னது செலவின் நினைவு.

தொரப்பள்ளியும் 1939ஆம் ஆண்டுச் சட்டமும்

தாது வருடப் பஞ்சம் தணிந்துவந்த 1878ஆம் ஆண்டு டிசம்பரில் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர் இராஜாஜி. ஓசூரில் பள்ளிக்கல்வியும் பெங்களூரில் கல்லூரிக் கல்வியும் பெற்றுச் சேலத்தில் வழக்குரைஞரானார். 1917இல் சேலம் நகராட்சித் தலைவர் பொறுப்பேற்றார். அப்பொறுப்பில் அவர் இருந்த காலத்தில்தான் 1918ஆம் ஆண்டின் நச்சுக்காய்ச்சல் இந்திய நாடெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. தண்ணீர், சாக்கடை, கொள்ளைநோய் ஆகிய மூன்றும் நகராட்சியின் வருவாயோடு எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதை நகராட்சி நாற்காலியில் அமர்ந்தவர் அறியாதிருக்க இயலாது.

1937இல் அவர் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானார். அவர் அமைச்சரவையில் சுகாதாரப் பொறுப்பு வகித்தவர் மருத்துவர் தி.சே.சௌ.இராஜன். அவ்வமைச்சரவை நிறைவேற்றிய 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் இத்துறையில் எழுந்த முதல் முழுமையான சட்டமாகும். குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் அறிவிப்பு, கொசு ஒழிப்பு, திருவிழாக் காலச் சுகாதாரம் ஆகிய அனைத்தையும் அது தனித்தனி இயல்களாக வகுத்தது.

இச்சட்டத்தின் உயிர்நிலை பணம் பற்றிய அதன் விதியில் உள்ளது. அரசின் மானியம் நீங்கலான தன் வருவாயில் நூற்றுக்கு 30க்குக் குறையாத பங்கை ஒவ்வொரு நகராட்சியும் பொதுச் சுகாதாரத்திற்கென ஒதுக்க வேண்டும். மாவட்டக் கழகங்கள் நூற்றுக்கு பன்னிரண்டரைக்குக் குறையாத பங்கை ஒதுக்க வேண்டும். நோய் வந்ததா, வரவில்லையா என்பதைப் பொறுத்ததன்று இவ்வொதுக்கீடு. நோயில்லாத ஆண்டிலும் செலவிடுக என்பதே இவ்விதியின் உட்பொருள். குற்றம் வருமுன் காவாதவன் வாழ்க்கையை நெருப்பின் முன் வைத்த வைக்கோலுக்கு ஒப்பிட்ட வள்ளுவரின் எண்ணம் இங்கே சட்டமொழியில் வடிவம் பெற்றது எனலாம்.

இவ்விதியின் குறையையும் கூறுதல் வேண்டும். வருவாயின் ஒரு பங்கு என்பது வருவாயுள்ள ஊருக்கே பயன்படும். வானம் பார்த்த புன்செய் நிலமும் கற்பாறையும் மிகுந்த பாராமகாலில் ஊராட்சியின் வருவாய் சிறிது. சிறியதன் பங்கும் சிறியதே. நோய் மிகுந்த இடத்தில் பணம் குறைவாகவும், பணம் மிகுந்த இடத்தில் நோய் குறைவாகவும் இருத்தல் உலகியல்பு. ஆகவே ஊரின் பங்கோடு அரசின் பங்கும் சேர்தல் இன்றியமையாததாயிற்று.

இங்குத் தமிழகத்தின் தனித்தன்மை ஒன்று சுட்டத்தக்கது. 1920களின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனி இயக்குநரும், அதனையடுத்து மாவட்டந்தோறும் சுகாதார அலுவலரும் அமைந்தனர். விடுதலைக்குப்பின் பல மாநிலங்கள் மருத்துவத் துறையையும் சுகாதாரத் துறையையும் ஒன்றாக்கின. ஒன்றான இடங்களில், கண்ணெதிரே துடிக்கும் நோயாளிக்கான செலவு முன்னே நின்றது. வராத நோய்க்கான செலவு பின்தள்ளப்பட்டது. தமிழகமோ இரண்டையும் தனித்தனியே வைத்து, சுகாதாரத் துறைக்குத் தனி நிதியும் தனிப் பணியாளர் அணியும் நல்கியது. பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் தமிழகத்தைத் தனித்துச் சுட்டுவதற்கு இவ்வமைப்பு முறையே முதற்காரணம்.

நின்ற செலவும் மீண்ட காய்ச்சலும்

செலவு குறைந்தால் நோய் மீளும் என்பதற்கு இந்திய வரலாற்றில் மலேரியாவைவிடத் தெளிவான சான்று இல்லை. விடுதலை பெற்ற 1947இல் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா கண்டது என்றும் எட்டு லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளிப்போரும், காய்ச்சல் கண்டோரின் இரத்தத்தை ஊர்தோறும் சேகரிப்போரும் பெரும்படையாக இறங்கினர். 1965இல் நோயாளர் தொகை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. இறப்பு எதுவும் பதிவாகவில்லை.

பகை அழிந்தது எனக் கருதியதும் படை தளர்ந்தது. மருந்து உரிய காலத்தில் வந்து சேரவில்லை. வெளிநாட்டு உதவி குறைந்தது. கண்காணிப்புப் பணி, அதனை ஏற்கும் வலிமை இல்லாத ஊரகச் சுகாதார நிலையங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கொசுக்களும் மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றன. 1976இல் நோயாளர் தொகை 64 லட்சத்தைக் கடந்தது. பதினோராண்டில் அறுபது மடங்குக்கு மேலான பெருக்கம் இது. மருந்தைத் தாங்கும் கொசுவைப் பணம் மட்டும் வென்றிருக்காது என்பது உண்மை. எனினும் கண்காணிப்பு நின்ற இடத்தில் அக்கொசுவின் வருகையை அறிவதற்கே ஆளில்லாமற் போயிற்று.

கிருஷ்ணகிரியின் நிலவமைப்பு இந்நோய்க்கு இடந்தருவது. கோடையில் தென்பெண்ணை வற்றும்போது ஆற்றுப்படுகையின் பாறைக்குழிகளிலும் மணற்பள்ளங்களிலும் தேங்கும் தெளிந்த நீர் ஊரக மலேரியாக் கொசுவின் பிறப்பிடம். கிணறும் மாடித்தொட்டியும் கட்டட வேலைக்கான நீர்த்தொட்டியும் நகர மலேரியாக் கொசுவின் பிறப்பிடம். ஆறும் ஆலையும் ஒருங்கே அமைந்த இவ்வெல்லையில் கண்காணிப்பு ஓய்தற்கு இடமில்லை.

ஓசூரின் எலிப்பொறிகள்

பிளேக்கின் கதை பெங்களூரோடு முடிந்துவிடவில்லை. கருநாடகம், ஆந்திரம், தமிழகம் மூன்றும் கூடும் முச்சந்தி நிலம் இந்தியாவில் பிளேக் நிலைகொண்ட பகுதிகளுள் ஒன்றாக அறியப்பட்டது. ஊரில் நோய் அடங்கிய பின்னும் காட்டிலும் வயலிலும் வளைதோண்டி வாழும் வெள்ளெலிகளிடையே கிருமி தங்கியிருக்கக்கூடும். அங்கிருந்து வீட்டெலிக்கும், வீட்டெலியிலிருந்து மனிதருக்கும் அது தாவும். இந்தியாவில் 1994க்கு முன் மனிதரிடம் உறுதிசெய்யப்பட்ட கடைசிப் பிளேக் நிகழ்வு 1966இல் கருநாடகத்திலேதான் பதிவாயிற்று.

ஆகவேதான் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையின் நோய்க்கடத்திக் கட்டுப்பாடு, விலங்குவழி நோய்கள் ஆகியவற்றுக்கான நிறுவனம் ஓசூரில் அமைந்துள்ளது. பிளேக் கண்காணிப்பின் முறை எளிது, ஆனால் ஓயாதது. மாலையில் பொறி வைத்து, காலையில் எலிகளை எடுத்து, எவ்வகை எலி எத்தனை எனக் கணக்கிடுவர். எலியின் மயிரைச் சீவித் தெள்ளுப்பூச்சிகளை எண்ணுவர். ஓர் எலிக்கு ஒரு பூச்சி என்னும் சராசரியைக் கடந்தால் அது எச்சரிக்கைக் குறி. எலியின் இரத்தமும் உள்ளுறுப்புகளும் சோதிக்கப்படும். எலியைத் தின்னும் நாயின் இரத்தத்திலும் நோய் வந்துபோன தடயம் தேடப்படும். பல்லாயிரம் எலிகளைச் சோதித்தும் ஒன்றும் கிடைக்காமையே இப்பணியின் வெற்றி. ஒன்றும் கிடைக்காத பணிக்கு ஆண்டுதோறும் சம்பளம் ஏன் என்னும் வினாவும் அவ்வெற்றியிலிருந்தே பிறக்கிறது.

அவ்வினாவுக்கு விடையாக அமைந்தது குசராத்தின் சூரத்து நகரம். ஓசூரைப் போலவே அதுவும் வெளிமாநிலத் தொழிலாளர் வந்து குவிந்த தொழில்நகரம். நெசவும் வைரப் பட்டறையும் செழித்த அளவுக்கு நகராட்சியின் சாக்கடையும் குப்பை வண்டியும் வளரவில்லை. 1994 ஆகஸ்டில் மகாராட்டிரத்தின் பீடு மாவட்டத்தில் பிளேக் ஐயம் எழுந்தது. செப்டம்பரில், வெள்ளம் வடிந்த சூரத்தில், நுரையீரல் பிளேக் எனக் கூறப்பட்ட நோயால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இலட்சக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினர். உலக நாடுகள் பல இந்திய விமானங்களையும் பண்டங்களையும் தடுத்தன. மூன்று பத்தாண்டுகளாக நோய் வராததால் நாட்டின் பிளேக் கண்காணிப்புத் தளர்ந்திருந்த காலம் அது. கண்காணிப்பில் மிச்சப்பட்ட தொகையைப் போலப் பன்மடங்கை நாடு சில வாரங்களில் இழந்தது.

இதே சூரத்து மற்றொரு பாடத்தையும் தந்தது. 1995இல் மாநகராட்சி ஆணையராக வந்த எஸ்.ஆர்.ராவ் அலுவலர்களை நாள்தோறும் தெருவுக்கு அனுப்பினார். குப்பை அகற்றலை இரவும் பகலும் நடக்கும் பணியாக்கினார். சேரிகளுக்குக் குழாயும் கழிப்பிடமும் கொண்டுசென்றார். இரண்டாண்டுக்குள் இந்தியாவின் தூய்மைமிக்க நகரங்களுள் ஒன்றெனச் சூரத்து பெயர் பெற்றது. பணத்தின் அளவு மட்டுமன்று, அது சென்று சேரும் இடமும் நோயைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இந்நகரம் எடுத்துக்காட்டாகும். இமாசலத்தில் 2002இலும் உத்தரகாசியில் 2004இலும் பிளேக் மீண்டும் தலைகாட்டியபோது, அது விரைவில் அறியப்பட்டுச் சிற்றெல்லைக்குள் அடக்கப்பட்டது.

ஆலைநகரின் சுகாதாரம்

ஓசூர் 1970களில் சிப்காட் தொழில்வளாகம் அமைந்தபின் உருமாறியது. அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் ஆகிய பெரும் ஆலைகளும் அவற்றைச் சார்ந்த சிறுதொழிற்கூடங்களும் எழுந்தன. சிற்றூர்கள் நகரத்தோடு கலந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. தமிழகத்தின் பிற மாவட்டத்தாரும் வடமாநிலத் தொழிலாளரும் ஓரறையில் பலராக வாழும் குடியிருப்புகள் பெருகின. ஆலையின் உற்பத்தி அரசின் வருவாயில் உடனே தெரியும். ஓரறையில் பலர் மூச்சுவிடும் காற்று எந்தக் கணக்கிலும் தெரியாது.

அக்காற்றில் பரவும் காசநோய் பற்றிய இரு பேரறிவுகள் இவ்வெல்லைக்கு இருபுறமும் உள்ள நகரங்களிலேயே தோன்றின. சென்னையில் 1956இல் அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளியைச் சானட்டோரியத்தில் படுக்கவைத்துச் செய்யும் சிகிச்சைக்கு வீட்டிலிருந்தே மருந்துண்ணும் சிகிச்சை குறைந்ததன்று என்பதை 1959இல் நிறுவியது. அதே ஆண்டில் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. படுக்கைக்குச் செலவிட இருந்த பணத்தைப் பன்மடங்கு நோயாளரின் மருந்துக்குச் செலவிடலாம் என்னும் இவ்வறிவு ஏழை நாடுகள் அனைத்துக்கும் வழிகாட்டிற்று. 2022இல் தமிழகம் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இம்மரபினதே. நோயாளியின் எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், தானே எழுந்து நிற்கும் வலிமை ஆகிய எளிய குறிகளைக் கொண்டே ஆபத்தான நிலையிலுள்ளோரைப் பிரித்தறிந்து உடனே மருத்துவமனையில் சேர்க்கும் முறை அது. எடைக்கருவியும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியும் உயிர் காக்கின்றனர்.

நோய்க்கணக்கைப் படிப்போர் ஏமாறும் இடம் ஒன்றும் இங்கு உண்டு. செலவு பெருகினால் நோய்விகிதம் உடனே குறையும் என எதிர்பார்ப்பர். உண்மையில் முதற்கண் அது உயரக்கூடும். சளியைச் சோதிக்கும் கூடம் இல்லாத ஊரில் காசநோயாளி 'இருமிச் செத்தவர்' மட்டுமே. கூடம் வந்தபின் அவர் கணக்கில் ஏறுகிறார். நோய் குறைந்து காணப்படும் மாவட்டம் நலமிக்க மாவட்டமாகவும் இருக்கலாம். தேடிப் பார்க்காத மாவட்டமாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் கொண்டு செலவின் பயனை அளப்போர் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

டெங்குக் காய்ச்சல் தண்ணீரோடு தொடர்புடையது. குழாயில் நாள்தோறும் நீர் வராத வீட்டில் பிளாஸ்டிக் பீப்பாயும் குடமும் தொட்டியும் நிறைந்திருக்கும். டெங்குக் கொசு பிறப்பது அங்கேயே. ஆகவே ஒழுங்கான குடிநீர் வழங்கலும் நோய்த்தடுப்புச் செலவே. ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடிநீரால் பல்லும் எலும்பும் கெட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் தொற்றுநோய்க்கென எழுந்ததன்று. எனினும் தூயநீர் குழாயில் வரும் தெருவில் வாந்திபேதிக்கும் இடம் குறைகிறது. தமிழகத்தில் 2012இல் டெங்கு கண்டோர் 12,826 பேர். இறந்தோர் 66 பேர். இடையில் தணிந்த அந்நோய் 2017இல் 23,294 பேரிடம் பதிவாயிற்று. தணிந்த ஆண்டு ஓய்வெடுக்கும் ஆண்டன்று என்பதை இவ்வெண்கள் நினைவூட்டுகின்றன.

வீடுவீடாகச் சென்று தொட்டியின் மூடியைத் திறந்து கொசுப்புழுவைத் தேடும் பணியாளர் பெரும்பாலும் நாட்கூலிக்கும் ஒப்பந்தத்திற்கும் உழைப்போர். காய்ச்சல் பெருகும் மாதத்தில் அவர் தேடப்படுகிறார். காய்ச்சல் தணிந்தால் ஆட்குறைப்பில் முதலில் அவர் பெயர் அடிபடுகிறது. தாம் செய்த வேலை பலித்ததே தமக்கு வேலை இல்லாமற் போவதற்குக் காரணமாகும் நிலை வேறு எத்தொழிலில் உண்டு?

2020 மே முதல் நாளில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் கொரோனாத் தொற்று இல்லாத பச்சை மண்டலமாகத் தமிழகத்தில் இடம்பெற்ற ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. சில நாட்களிலேயே அப்பெருமை நீங்கியது. நெடுஞ்சாலையும் ஆலையும் உள்ள எல்லையை நெடுநாள் அடைத்துவைத்தல் இயலாது என்பதை 1898இல் பிளேக் கற்பித்தது. அதனையே கொரோனாவும் கற்பித்தது. அதன்பின் 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. 2022 சனவரியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. இவை வேண்டத்தக்கனவே. ஆயினும் மருத்துவக் கல்லூரிக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. எலிப்பொறிக்கும் கொசுப்புழுத் தேடலுக்கும் விழா இல்லை. விழா உள்ள செலவு பெருகுதலும் விழா இல்லாத செலவு சுருங்குதலும் எக்கட்சியின் ஆட்சியிலும் காணக்கூடிய இயல்பாகும்.

முடிவுரை

2017ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்றது. 2021-22ஆம் ஆண்டுக்கான தேசியச் சுகாதாரக் கணக்கின்படி அச்செலவு 1.84 விழுக்காடு. இதிலும் பெரும்பகுதி வந்த நோயைத் தீர்ப்பதற்கே செல்கிறது. பொருளை ஈட்டுதலோடும் காத்தலோடும் வகுத்தலையும் அரசின் வல்லமையாக வைத்தார் வள்ளுவர். வகுத்தலில்தான் வராத நோய்க்கு இடம் கிடைக்கிறதா, இல்லையா என்பது முடிவாகிறது.

தாது வருடப் பஞ்சம் முதல் கொரோனா வரை இவ்வெல்லைப்புறத்தின் வரலாறு கூறுவது இதுவே. செலவு மறுக்கப்பட்டபோது மக்கள் மாண்டனர். அறிவின்றிச் செலவிட்டபோது மக்கள் துன்புற்றனர். அறிவோடும் தொடர்ச்சியோடும் செலவிட்டபோது நோய் அடங்கியது. அடங்கியதைக் கண்டு கைவிட்டபோது அது மீண்டது. ஆதலின் தொடர்ச்சியே இதில் முதன்மையானது. 1939ஆம் ஆண்டின் சட்டம் நோயில்லா ஆண்டுக்கும் ஒரு பங்கை ஒதுக்கச் சொன்னதன் நுட்பம் இதனால் விளங்கும்.

செலவைத் தொடரச் செய்யும் ஆற்றல் சட்டத்துக்கு மட்டும் உரியதன்று. எதனை மக்கள் நினைவில் வைத்திருக்கின்றனரோ அதற்கே ஆட்சி அஞ்சும். நினைவை ஆக்குவோர் பாவலர். ஆநிரை மீட்டவனைப் பாடியதால் அவன் கல் இன்றும் நிற்கிறது. வைகறையில் எலிப்பொறிகளைச் சுமந்து வரப்பில் நடப்பவரும், தொட்டிமூடியைத் திறந்து புழுவைத் தேடும் பெண்ணும், காய்ச்சல் கண்டவரின் விரல்நுனியில் ஒருதுளி இரத்தம் எடுப்பவரும் ஊரின் கேட்டைத் தடுத்து நிற்போரே. அவர்கள் தடுத்த நோய் வரவில்லை. அது வரவில்லை என்பதை ஊர் அறியச் சொல்லும் கடமை இந்நிலத்தில் பாட்டெழுதுவோருக்கு உண்டு.